மூன்று சில்லு நிலத்தில்: பாண் வானில் ஒரு கஹவத்தைப் பயணம்

1973 ஒக்டோபர் 20, சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி ஐந்து நிமிடம். வானுக்குச் சில்லு நான்கு. நிலத்தில் நின்றது மூன்று. பயணம் வந்தவர்கள் இரண்டு பேர். நான் வெளியே, பம்ப் அடுப்பும் கையுமாக. மற்றவன் உள்ளே, கட்டிலில் நித்திரை. நாலாவது சில்லுக்குக் கீழே முப்பது அடிக்கு ஒன்றுமே இல்லை என்பது அந்த நேரம் எனக்குத் தெரியாது.

வானிலேயே படுத்து, வானிலேயே சமைத்து, நினைத்த இடத்தில் தங்கிப் பயணம் போக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படித்தவன் செய்த பிழை என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதவேண்டியிருக்கிறது.

நான் இயந்திரவியல் டிப்ளோமாக்காரன். கொழும்பில் ஒரு வேர்க்ஷொப்பில் வேலை. பேக்கரி ஒன்று கழித்துவிட்ட பாண் வான் ஒன்று சும்மா விலைக்கு வந்தது. நானே எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பாண் தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கட்டில், ஒரு அலுமாரி, பத்துக் கலன் தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்தேன். மொத்தச் செலவு முன்னூற்றுப் பத்து ரூபா. பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, கள்ளனுக்குப் பயந்து இரண்டு இரும்புக் கம்பி போட்டேன். சாரதி இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருந்த வழியைத் தகடு வைத்து ஒட்டி மூடினேன். அந்த ஒட்டு வேலை அவ்வளவு சுத்தம், வேர்க்ஷொப்பில் எல்லோருக்கும் காட்டினேன். பின்னால் இருக்கிறவன் பின்கதவால் மட்டும்தான் இறங்கலாம் என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

கூட வந்தவன் மாமாவின் மகன் யோகன், கந்தோர் கிளாக். பதின்மூன்று ஸ்டோன் பாரம். வானின் பாரக் கணக்கில் அவனையும் சேர்த்திருந்தேன் என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு எஹலியகொட வரை பேசாமல் வந்தான்.

விடிய 5.45க்குக் கொழும்பை விட்டோம். மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் ஓட்டினால் அலுமாரி கதறும். நாற்பத்துமூன்றாவது மைலில் எஹலியகொடவில் தேத்தண்ணி. இரத்தினபுரிக்குக் கிட்ட ஒரு தடையில் பொலிஸ் நிறுத்தி, அரிசி கடத்துகிறோமோ என்று கட்டில் மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்த்தார்கள். அங்கே நாற்பது நிமிடம் போனது. மெத்தைக்குக் கீழே ஒன்றும் வைக்காதீர்கள். பெல்மதுளை தாண்டிக் கஹவத்தை வந்தபோது மதியம் 12.40. மைல்மீட்டரில் எண்பத்தொன்று, பெற்றோல் நாலேகால் கலன்.

கஹவத்தையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், தோட்டத்துக்குள் தங்குவதென்றால் தோட்டக் கந்தோரில் கேட்டுவிட்டுத்தான் தங்கவேண்டும் என்றார். சரி என்று போனோம். கிளாக்கர் ஐயா சாப்பிடப் போயிருந்தார். இருபது நிமிடம் நின்றேன். அதற்கு மேல் நிற்கிற பொறுமை எனக்குக் கிடையாது. கேட்காமலே உள்ளே விட்டேன்.

தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அந்தப் பக்கம் தோட்டங்கள் நிறைய, விரும்புகிறவர்கள் தேடிப் பார்க்கட்டும்.

நாலு மைல் உள்ளே போனபின் கிடைத்த இடத்தைப் பார்த்து, இதற்குத்தானே வந்தோம் என்று இருந்தது. மூன்று பக்கம் றப்பர் மரம், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. நடுவில் மேசை மாதிரிச் சமநிலம். பச்சைப் புல். வரிசையில் இரண்டு மரம் இல்லாத வெற்றிடம் என்பதைக் கண்டேன். அந்த இடத்துப் புல் முளைத்த புல் இல்லை, வெட்டிப் பரப்பிய புல் என்பதையும் கண்டேன். கண்டும், தோட்டத்தை என்ன துப்புரவாக வைத்திருக்கிறார்கள் என்று யோகனிடம் சொன்னேன்.

3.20க்கு ஒரு பெண் வந்தாள். றப்பர் பால் வெட்டுகிறவள், கையில் வெறும் வாளி. பெயர் பாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயது இருக்கும். வந்தவள் முதலில் கேட்டது, "பாண் இருக்குங்களா?"

வானின் பக்கவாட்டில் பேக்கரியின் எழுத்து பெயின்றுக்கு மேலாலும் தெரிந்தது. இது பாண் வான் இல்லை என்றேன். பங்கீட்டு மாவையும் அரசாங்கம் குறைத்துவிட்ட மாதம். பாண் வான் என்று லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் கத்தியதைக் கேட்டு ஓடி வந்தாளாம். உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில், அலுமாரி, அடுப்பு, குறட்டை விடுகிற யோகன்.

"ஒங்களுக்கு வீடு இல்லீங்களா?"

இருக்கிறது, இது ஒரு விருப்பத்துக்கு என்றேன்.

"நாங்க ஒரு காம்பராவுல எட்டுப் பேரு. வீடு வச்சிக்கிட்டு வண்டியில படுக்கிறவங்கள இன்னைக்குத்தாங்க பாக்குறேன்."

நான் வானைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினேன். அவள் வானுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். சுற்றிவரப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"தொரை, அங்க பத்தலங்க."

இந்த இடத்தில் என் அறிவைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'காணாது' என்று சொல்வதை மலைநாட்டில் 'பத்தல' என்பார்கள். பதுளையில் பிறந்தவன் ஒருவன் என்னோடு வேலை செய்கிறான், தினமும் சம்பளம் பத்தல என்பான். ஆகவே எனக்கு விளங்கிவிட்டது. வானுக்கு இடம் காணாதாம். நான் அளக்கிற ரேப்பை எடுத்தேன். நீளம் நாற்பத்திரண்டு அடி, அகலம் இருபது. வான் பதினைந்தரை.

"பத்தும்," என்றேன், அவளுடைய தமிழிலேயே.

அவள் முகம் மாறியது. "பத்துங்களா?"

"நல்லாப் பத்தும்."

வாளியையும் விட்டுவிட்டு ஓடினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வானைப் பின்னுக்கு எடுத்து, புல்லின் கோடி வரை விட்டு நிறுத்தினேன்.

நாலரைக்கு மழை. வானின் பக்கத்தில் இருந்து இரண்டு மரத்துக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே அடுப்பைப் பற்றவைத்தேன். 5.05க்கு, பெரிய பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் இடப்பக்கத்துப் பின்சில்லைக் காணவில்லை. வான் பின்பக்கமாகக் குந்தியிருந்தது. பின்கதவுக்கு நேர்கீழே நிலம் திறந்து கிடந்தது. அடுப்பில் இருந்த கேத்தில் சரிந்து, உருண்டு, அந்த ஓட்டைக்குள் போனது. சத்தம் கேட்கக் காத்திருந்தேன். வர நேரம் எடுத்தது. தண்ணீரில் விழுந்த சத்தம். இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் காதில் நிற்கிறது.

கம்பிக்குப் பின்னால் யோகனின் முகம், மறியல்காரன் மாதிரி. "டேய், வான் ஏன் சரிஞ்சு நிக்குது? ஜாக் போட்டனியோ?"

"கெதியா எழும்பிப் பின்கதவால இறங்கடா," என்று கத்தினேன்.

அவன் எழும்பி ஓர் அடி வைத்தான். வானின் பின்பக்கம் நாலு அங்குலம் இறங்கியது. வலப்பக்கச் சில்லுக்குக் கீழே மண் சரசரவென்று கொட்டியது. அப்போது மரங்களுக்குள் இருந்து ஒரு குரல்.

"எந்திரிக்காதீங்க. போயி முன்பக்கமா படுங்க. தொரை, நீங்க வாய மூடுங்க."

பாக்கியம். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் பெருமாள், குணே என்ற சிங்களவர் ஒருவர். இரண்டு பேரும் மண்வெட்டியும் சாக்குமாக. யோகன் ஊர்ந்துபோய் நான் ஒட்டிய தகட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான். வானின் மூக்கைக் கீழே பிடித்துவைத்திருந்தது அவனுடைய பதின்மூன்று ஸ்டோன்தான். சும்மா இருந்த அவனை எழும்பச் சொன்னது டிப்ளோமா.

முன் அச்சை மரத்தோடு கட்டவேண்டும் என்பது எனக்கும் தெரிந்தது. கயிற்றை எடுத்து ஓடினேன். பன்னிரண்டு அடி. மரம் முப்பது அடி தள்ளி. கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். பாக்கியம் கயிற்றைக் காட்டினாள்.

"இது பத்தல, தொரை." பிறகு ஓட்டையைக் காட்டினாள். "அது பத்தல. சொன்னேனா இல்லியா?"

மாணிக்கக்கல் தோண்டுகிற குழிக்கு அந்தப் பக்கத்துச் சிங்களத்தில் 'பத்தல' என்றுதான் பெயர். தோட்டத் தமிழரும் அதையே சொல்கிறார்கள். குழி இருக்கிறது என்று அவள் சொன்னாள். இடம் இருக்கிறது என்று நான் அளந்து காட்டினேன்.

குழி அனுமதி இல்லாத குழி. வெட்டியவர்கள் பெருமாளும் குணேயும். மரக்கட்டையும் பலகையும் வைத்து, மண் போட்டு, புல் பரப்பி மறைத்தவர்களும் அவர்கள்தான். வாளி இழுக்கிற அறுபது அடிக் கயிறு பற்றைக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்தால் குழி யாருடையது என்பது எடுத்த கையிலேயே தெரிந்துவிடும். தோட்டத்துக்குத் தெரிந்தால் பெருமாளுக்கும் அவளுக்கும் பேர் வெட்டு, வேலையோடு அந்தக் காம்பராவும் போகும். பெருமாள் குணேயைப் பார்த்தான். குணே என்னுடைய காக்கிக் காற்சட்டையைப் பார்த்தார். வலப்பக்கச் சில்லின் கீழே இன்னும் கொஞ்சம் மண் விழுந்தது.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க," என்றாள் பாக்கியம். "ஆளு உள்ள கெடக்கு. கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். முன் அச்சை இரண்டு மரத்தோடு கட்டினோம். லயத்தில் இருந்து இன்னும் பதினான்கு பேர் வந்தார்கள். பெருமாள் குழியின் விளிம்புக்குக் குறுக்கே கட்டைகளைத் தள்ளினான். பின்கதவில் இருந்து மண் வரைக்கும் ஒரு பலகை போட்டார்கள். யோகன் வயிற்றால் ஊர்ந்து வந்தான். "ஹெமின், ஹெமின்," மெல்ல மெல்ல என்று குணே சொல்லிக்கொண்டே இருந்தார். பலகை வளைந்த வளைவை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிவிட்டேன். 5.50க்கு அவன் மண்ணில் உட்கார்ந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஏன் ஓடினாய் என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"பின்ன? காக்கி போட்டுக்கிட்டு, ரேப்பு வச்சி அளந்து, பத்தும் பத்தும்னா? குழிச் சாமான் வச்சிருக்கிற கொட்டில்ல நெருப்பு வைக்க வந்த பொலிசுன்னு நெனச்சேன். சாமான எடுக்க ஓடுனேன்."

பத்தும் என்றால் அவளுக்குத் தீப்பிடிக்கும் என்று அர்த்தம். யோகன் சிரிக்கத் தொடங்கினான். நிறுத்த முடியாமல் சிரித்து, பிறகு அழுதான்.

எல்லோரும் சேர்ந்து இழுத்து, 6.20க்கு வான் முழுதாக வெளியே வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். தோட்டத்து வாச்சர் வருகிறாராம். பெருமாள் கயிற்றைச் சுருட்டி என் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். நான் தார்ப்பாயை அவிழ்த்து ஓட்டைக்கு மேலே விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன். அன்றைக்கு நான் யோசித்து ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

வாச்சர் சிங்களவர், தமிழ் தோட்டத்துக்காரர் மாதிரியே பேசினார். வான் எப்படிச் சரிந்தது என்று கேட்டார். இடம் பத்தல என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவருக்கு முன்னால் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அந்தச் சொல்லை மட்டும் சொல்லக்கூடாது. எங்கள் ஊர்ச் சொல்லுக்கு ஓடினேன்.

"இடம் காணாமல் போச்சுது."

"எடம் காணாமப் போச்சா? எங்க போச்சு?"

அவருக்குப் பின்னால் பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"யாழ்ப்பாணத்துத் தமிழ் நமக்கு வெளங்காது," என்றார் வாச்சர். வானைச் சுற்றி வந்தார். தார்ப்பாய்க்குக் கிட்ட வந்ததும் நின்றார். அதில் மிதிக்காமல், மூலையில்கூடக் கால் படாமல், தள்ளிச் சுற்றிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "இதக் கழட்ட வேணாம். இப்பிடியே விட்டுட்டுப் போங்க. இன்னும் மழ வரும்."

இங்கே படுக்க ஏலாது என்று சொல்லி, சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் ஏறிப் பெரிய ரோட்டு வரை எங்களோடு வந்தார். பாக்கியத்திடம் ஒரு வார்த்தை சொல்லவும் முடியவில்லை. அன்றைக்கு நானாவின் கடை வளவில்தான் படுத்தோம். அவரிடம் கேட்டது இரண்டு நிமிடம் எடுத்தது.

புதிதாகப் புறப்படுகிறவர்களுக்குச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். அட்டைக்குச் சவர்க்காரம், பீலியில் வடிகிற தண்ணியைக் கொதிக்கவைத்தல், அடுப்பை வானுக்குள் மூட்டாமை. எல்லாம் சரியான புத்திமதிகள். ஆனால் 'ஆளில்லாத இடம்' என்று ஒன்று இந்தப் பக்கத்தில் கிடையாது என்பதுதான் முதல் பாடம். நீங்கள் வெற்றிடம் என்று நினைப்பதில் யாரோ எதையோ மறைத்து வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். வானை நிறுத்தமுன் அங்கே யார் நடமாடுகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் ஏதும் சொன்னால் நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே கூட்டியபோதுதான் கயிறு ஞாபகம் வந்தது. இனி நான் செய்யப்போவது:

1. நான் ஒட்டிய தகட்டில் இரண்டடிக்கு நாலடி வழி வெட்டுவேன். ஜன்னல் கம்பி இரண்டும் நேற்றே அறுத்தாயிற்று.
2. ஐந்தடி இரும்பு அலவாங்கு ஒன்று வானில் வைப்பேன். நாலு சில்லும் நிற்கப்போகிற இடத்தைக் குத்திப் பார்க்காமல் நிறுத்தமாட்டேன்.
3. பெருமாளின் கயிற்றையும் அதே நீளத்தில் புதுக் கயிறு ஒன்றையும் இந்த மாதத்துக்குள் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். தார்ப்பாயைத் திருப்பிக் கேட்கமாட்டேன்.
4. பக்கவாட்டு எழுத்தை அழிக்கமாட்டேன். கஹவத்தை தாண்டும்போது வானில் எத்தனை றாத்தல் பாண் கிடைக்குமோ அத்தனை இருக்கும்.
5. கிளாக்கர் ஐயா சாப்பிட்டு முடியும் வரை நிற்பேன்.
6. ஒரு சொல் எனக்கு விளங்கிவிட்டது என்று தோன்றினால், ரேப்பை எடுக்கமுன் சொன்ன ஆளிடமே கேட்பேன்: எந்தப் பத்தல?