எங்கள் தெருவுக்கு வர இருந்த ரயில்

என் கணவருக்கு ஒன்றும் தெரியாது. எண்பதுகளின் பின்பாதி முழுவதும் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் ஒருவர்கூட நம்பாத உண்மை இது.

அவர் நகரத்தில் ஒரு ரயில் திட்ட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். கால்வாய் ஓரமாகத் தூண்கள் நட்டு, அவற்றின் மேல் ஓடப்போகிற ரயிலுக்குப் படம் வரைகிற வேலை. ஜனங்கள் அதற்குப் பறக்கும் ரயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பறப்பது இருக்கட்டும், அப்போது நகரத்துக்குள்ளேயே பாதித் தூண்கள் தலையில் கம்பியை நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நின்றன. அதற்குள் அந்த ரயிலைத் தெற்கே நீட்டி, எங்கள் பக்கமாக வளைத்து, தாம்பரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

வெறும் பேச்சு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஒரு நாள் முக்காலியும் கருவியுமாக ஆட்கள் வந்தார்கள். சங்கிலி போட்டு அளந்தார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கல்லைத் தெரு முனையில் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறு வருஷம் வேறு ஆட்கள் வந்தார்கள். முதல் கல் கண்ணில் படாதவர்கள் மாதிரி, இன்னொரு கல்லைக் குழாயடிக்குப் பக்கத்தில் நட்டார்கள். எது பாதையின் நடு, எது ஓரம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. மாடி கட்ட அனுமதி கேட்டுப் போனவர்களை, ரயில் விஷயம் முடிவாகட்டும், பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பேப்பரில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். சர்வே முடிந்தது, ஒப்புதல் வரவில்லை. ஒப்புதல் வந்தது, நிதி வரவில்லை. நிதி வரும்போல இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து சர்வே.

எங்கள் வீடும் அந்தத் தெருவில்தான் இருந்தது. பால் வாங்க அந்தக் கல்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அங்கிருந்து எங்கள் வாசலுக்கு எத்தனை அடி என்று எண்ணுவேன். அடுப்படிச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடிக்கக்கூட மனசு வராது. இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத வீட்டில் எதை நம்பி ஆணி அடிப்பது?

இதில் என் கணவர் படும் பாடு தனி. அலுவலகத்தில் அவர் கையில் கொடுப்பது ஒரு துண்டுப் படம். ஒரு தூணின் அடித்தளம், ஒரு படிக்கட்டு, ஒரு மழைநீர்க் குழாய். அது எந்த ஊரில் வரும் என்பதுகூட அதில் எழுதியிருக்காது. பாதையைத் தீர்மானிக்கிறவர்கள் வேறு மாடியில் இருந்தார்கள். ஆனால் தெருவைப் பொறுத்தவரை அவர் ரயில் ஆபீஸ்காரர். அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அதனால் நாங்கள் எதைச் செய்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் வந்தது. கோடையில் தண்ணீர் வற்றிவிட்டது என்று கிணற்றைத் தூர் வாரினோம். அந்த வாரமே எதிர் வரிசையில் மூன்று வீட்டில் கிணறு வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். ரயில் ஆபீஸ்காரரே கிணறு வாருகிறார், வீடு தப்பித்தது என்று கணக்கு. அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம். தெருவே வெள்ளையடிக்காமல் அழுது வடிந்தது. நான் கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டால், அது எத்தனை நாளில் காய்க்கும் என்று பக்கத்து வீட்டம்மா நிதானமாகக் கேட்பாள். அவள் கேட்டது முருங்கையைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியாதா? கேட்டுக் கேட்டு எனக்குத் தும்முவதற்கே பயமாகப் போயிற்று.

நிலத் தரகர் ஒருவர் சைக்கிளில் வருவார். சாயங்காலம் இவர் குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி வரும்போது வழியில் பிடித்துக்கொள்வார்.

"இன்னா சார், ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும் உனுக்கு? ரயிலு எந்தப் பக்கமா வருதுன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

தெரியாதுப்பா என்பார் இவர். பெரிய ரகசியம் ஒன்றைக் கேட்டுவிட்டவர் மாதிரி தரகர் தலையை ஆட்டிக்கொண்டு போவார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கே சில நாள் சந்தேகம் வந்தது. தோசை போடும்போது ஒரு முறை கேட்டேவிட்டேன். "தெரிஞ்சா நான் மாடி கட்டியிருக்க மாட்டேனா" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அந்தப் பதிலையும் இரண்டு நாள் திருப்பித் திருப்பி யோசித்தேன்.

எதிர் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, தனக்கென்று கடைசியாகக் கட்டிக்கொண்ட வீடு அது. ரிட்டயராக இன்னும் கொஞ்ச காலம்தான். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பொங்கல் வரைக்கும் தொங்கும். என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக முதலில் வந்து நிற்பவர் அவர்தான். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. இவர் இருந்ததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

தெருவிலேயே ரயிலைப் பற்றி என் கணவரிடம் கேட்காத ஒரே ஆள் அவர். அதற்காகவே அவரை எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அவர் மனசில் என்ன இருந்தது என்பது எங்கள் பெண்ணுக்கு மூச்சிரைப்பு வந்தபோதுதான் தெரிந்தது.

பல்லாவரம் பக்கத்து மலையில் கல் உடைக்கிற தூசி காற்று திரும்பினால் எங்கள் பக்கம் வரும். பெண் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் அது அவள் நெஞ்சில் இறங்கிவிட்டது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய் வரும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மருந்து மாற்றி மாற்றிப் பார்த்த டாக்டர், கடைசியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தாம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள், அங்கே காற்று தேவலை என்றார். இரும்புலியூரில் ஏரிப் பக்கமாக ஒரு வாடகை வீடு கிடைத்தது. எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்தோம்.

செய்தி வெளியே போன அன்றே தெரு கலங்கிவிட்டது. ரயில் ஆபீஸ்காரர் காலி பண்ணுகிறார். விற்காமல் வாடகைக்கு விடுகிறாரே என்று ஒருவர் கேட்டதற்கு, நஷ்டஈடு வாங்கத்தான் என்று இன்னொருவர் விளக்கம் சொன்னாராம். தரகரின் சைக்கிள் தினமும் இரண்டு நடை வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இதோ பாருங்கள், குழந்தையின் நெஞ்சு, இதற்காகத்தான் போகிறோம், ரயிலும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொன்னேன். எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். மூலை வீட்டுப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இது எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். அவர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவர்கள் வீடு தெருவின் இடது பக்கத்தில் இருந்தது. என் பெண்ணின் நுரையீரலில் அந்த மனிதர் ரயில் பாதையைத் தேடியிருக்கிறார். அந்த எக்ஸ்ரேயை அவர் தலையில் போடாமல் திரும்பி வந்ததை இன்றைக்கும் என் பொறுமைக்குச் சாட்சியாகச் சொல்வேன்.

அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பெண்ணுக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார். நான் நிம்மதியாக எழுந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எத்தனை வருஷம் போர்டுல உக்காந்திருக்கேன். யார் யார் பேச்செல்லாம் காதுல விழும். கேட்ட மாதிரியே காட்டிக்க மாட்டோம். வேலைன்னா அப்படித்தான். உன் வீட்டுக்காரர் மூஞ்சியும் அந்த மூஞ்சிதாம்மா. தம்பியை நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்ல வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்காமல் இருந்தது, என் கணவருக்குத் தெரியாது என்பதை நம்பியதால் இல்லை. இவருக்கு எல்லாம் தெரியும், வேலைக்கு விசுவாசமாக வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று இத்தனை வருஷமும் மதித்திருக்கிறார். நான் அழாத குறையாகச் சொன்னேன். அவருக்குத் தெரியவே தெரியாது அக்கா, அவர் வரைவது மழைத் தண்ணீர்க் குழாய் அக்கா, எதையும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவினார். நான் எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு உறுதியாகிவிட்டது அவருக்கு.

நாங்கள் இரும்புலியூர் போன பிறகு அவர் வீட்டை விற்றுவிட்டார். நிலம் எடுக்கிற நோட்டீஸ் வந்தபிறகு ஒற்றைப் பொம்பளையாக ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாது என்று சொன்னாராம். வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பொழிச்சலூரில் தம்பி வீட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். தரகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண் இங்கே வந்ததும் நன்றாக மூச்சு விட ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அக்கா கேக் எடுத்துக்கொண்டு எங்கள் புது வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். தம்பி மனைவியைப் பற்றி நல்லதாகவே பேசினார், கொஞ்சம் அதிகமாகவே பேசினார். தலைக்கு மேல் விமானம் போகிறபோது பேச்சே கேட்காது என்று சொல்லிச் சிரித்தார். கிளம்பும் நேரத்தில் என் கணவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இத்தனை நாள் கேக்கலை. இப்போ வித்தாச்சு, இனிமே கேட்டா தப்பில்லையே. என் வீட்டு மேலதானே போகுது?"

தெரியாது என்று சொல்லப்போகிறார், அதைத் தவிர வேறு எதையும் சொல்லி இந்த மனுஷனுக்குப் பழக்கமில்லை. அதைக் கேட்டுவிட்டு இந்தப் பெண்மணி எப்படி பஸ் ஏறிப் பொழிச்சலூருக்குப் போவார்?

என் கணவர் அக்காவின் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "ஆமாக்கா. உங்க வீட்டு மேலதான். வித்தது நல்லதாப் போச்சு" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து என் பயம் தலைகீழாகிவிட்டது. முன்பு ரயில் வந்துவிடுமோ என்று பயந்தவள், இப்போது பாதை முடிவாகிவிடுமோ என்று பயந்தேன். முடிவாகிற அன்றைக்கு அது அக்கா வீட்டை விட்டு எங்கோ தள்ளிப் போகிறது என்று பேப்பரில் படத்தோடு வந்துவிட்டால்? திட்டம் தள்ளிவைப்பு, மறுபரிசீலனை, கூடுதல் ஆய்வு என்று எந்தச் செய்தி வந்தாலும் எனக்குப் பால் வார்த்த மாதிரி இருக்கும். தொண்ணூறுகளில் ஒரு வழியாக நகரத்துக்குள் முதல் பகுதியில் ரயில் ஓடியபோது ஊரே கொண்டாடியது. நான் மட்டும் இத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இவருக்கு அதைத் திறந்ததில் அவ்வளவு சந்தோஷம், பெண்ணை அழைத்துக்கொண்டு போய் ஏற்றிக் காட்டினார். நான் கூடப் போகவில்லை.

அஸ்தினாபுரம் பக்கம் ரயிலும் வரவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை. கற்கள் மண்ணில் புதைந்துவிட்டன. அனுமதி கொடுக்காமல் இழுத்தடித்தவர்கள் எப்போதோ கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். வாடகை வாங்கப் போகும்போதெல்லாம் அக்காவின் பழைய வீட்டைப் பார்ப்பேன். வாங்கியவர்கள் மேலே மாடி எழுப்பி, கைப்பிடிச் சுவருக்கு ரோஸ் பெயின்ட் அடித்திருந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் போகக் கூடாதே என்றுதான் எனக்கு இருந்தது. போக மாட்டார், வீட்டைப் பார்த்தால் தாங்க மாட்டார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் வந்தபோது முகம் சரியில்லை. கேக்கை மேஜை மேல் வைத்துவிட்டு உட்காராமலே பேசினார். குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனாராம். அப்படியே நடந்து போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாராம். எல்லாம் தெரிந்துவிட்டது, இனி இந்த வீட்டு வாசலை இவர் மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"மாடி கட்டியிருக்காங்க தம்பி. பாவம், அவங்களுக்கு யாரும் சொல்லலை போல. சின்னச் சின்னப் பசங்க, மாடியில பட்டம் விட்டுக்கிட்டிருக்குதுங்க. நீங்க ஆபீஸ் ரகசியம்னு பாக்காம ஒரு வார்த்தை போய்ச் சொல்லிடுங்க. எனக்காக."

யாருக்காகவும் எதையும் வெளியே சொல்லாமல் ஒரு ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர் அவர். தன் வீட்டில் தனக்குப் பதிலாக இருக்கிறவர்களுக்காக இதைக் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"சொல்றேன்க்கா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அக்கா உட்கார்ந்தார். காபி குடித்தார். பெண்ணின் மூச்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விடக் கூடவே போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பஸ் வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாமளாவது தப்பிச்சோமேம்மா" என்றார்.

ஆமாம் அக்கா என்றேன்.