மாப்பிள்ளைக்குக் காட்டிய அருந்ததி

சிங்காநல்லூர் திருமலைசாமியை அதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. ஏமாற்ற யாராவது கிட்டே வந்தால்தானே? அவர் பார்க்கிற பார்வைக்கே, தப்புச் செய்யாதவன்கூடத் தலையைக் குனிந்துகொள்வான். சென்னகிருஷ்ணன் ஜின்னிங் கொட்டகையில் பருத்தி தரம் பார்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வாசலில்தான் நின்றார். வண்டி உள்ளே நுழையும்போதே பத்தடி தள்ளி நின்று, இது சுத்தமான கம்போடியாப் பருத்தி, இதில் மட்டமான கருங்கண்ணி கலந்திருக்கிறது, இதற்கு நேற்று ராத்திரி தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். மூட்டையைப் பிரித்தால் சொன்னபடியே இருக்கும். அப்படி இருந்ததுதான் மனுஷனைக் கெடுத்தது. பருத்தியைப் பார்க்கிற கண்ணாலேயே பால்காரரையும் பங்காளியையும் பார்க்கப் பழகிவிட்டார். வீட்டில் காபி கொஞ்சம் நன்றாக இருந்தால், மனைவி மாசாணியம்மாள் எதற்கோ அடிபோடுகிறாள் என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், மயிலாத்தாள். முப்பத்தாறாம் வருஷம் அவளுக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. வந்த மூன்று வரன்களை அப்பாவே விரட்டியிருந்தார். ஒருவன் அதிகம் சிரித்தான், ஒருவன் சிரிக்கவே இல்லை, மூன்றாமவனின் மாமன் எதைக் கேட்டாலும் சரி என்றார். நாலாவதாகக் காங்கேயத்துக்குத் தெற்கே இருந்து ஈஸ்வரமூர்த்தி வந்தான். காளை வளர்க்கிற குடும்பம். அவனைப் பார்த்த அன்றைக்கு மயிலாத்தாள் அம்மாவிடம் தானாகவே சரி என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பங்குனியில் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் உப்பு சர்க்கரை மாற்ற வந்தார்கள். அது மாறிவிட்டால் கல்யாணம் உறுதி, அப்புறம் பின்வாங்குவது மரியாதை இல்லை. விளக்கு வைக்கிற நேரம். வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலின் காலில் ஈஸ்வரமூர்த்தி இடித்துக்கொண்டான். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. திருமலைசாமி மட்டும் பார்த்தார், பார்த்ததுமே தீர்மானித்துவிட்டார். பையனுக்கு மாலைக்கண். ராத்திரி முறைத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய குடியானவனுக்கு மாலைக்கண் இருந்தால் பெண்டாட்டிதான் வரப்பில் நிற்க வேண்டும். போன தடவை பட்டப்பகலில் வந்து போனார்களே, அதற்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. இவர் கேட்டதற்கெல்லாம் அவர்கள் தலையாட்டியதற்கும் கிடைத்துவிட்டது.

நேராகக் கேட்டால் ஒப்புக்கொள்வார்களா? நன்றாக இருட்டியதும் வானத்தைப் பார்த்தார். வடகிழக்கில் சப்தரிஷி ஏறிக்கொண்டிருந்தது. அதன் வாலில் வசிஷ்டர், ஒட்டினாற்போல மங்கலாக அருந்ததி இருக்க வேண்டும். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். மேலே தென்னோலைப் பந்தல்தான் இருக்கும், ஆனாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று என்று சொல்லிவிடுவார்கள். திருமலைசாமியும் தம் கல்யாணத்தில் ஓலையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் வாலிபத்தில் ராத்திரி கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது அந்த இரண்டையும் நிஜமாகவே எத்தனையோ தடவை பார்த்தவர் அவர்.

இன்றைக்குப் பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் ஒன்றுதான். மூட்டம் போட்டிருக்கிறது, அருந்ததி மறைந்துவிட்டாள் என்று முடிவு செய்தார். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதைவிட நல்ல பொறி அகப்படுமா? யோக்கியனாக இருந்தால் ஒன்றுதான் தெரிகிறது என்பான். கண் தெரியாததை மறைப்பவன், கல்யாணத்தில் எல்லோரும் சொல்வது போல இரண்டு என்று சொல்லி மாட்டிக்கொள்வான்.

மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு விரலை நீட்டினார்.

"ஏனுங்க மாப்ள, வசிஷ்டர் பக்கத்துல ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க மாமா. சின்னதா, அவரை ஒட்டி நிக்குதுங்க."

தட்டு மாற்ற உட்கார்ந்திருந்த நாலு பேருக்கு முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"இல்லாததை இருக்குதுன்னு சொல்ற பையனுக்கு எங்க புள்ளையக் குடுக்க முடியாதுங்க."

பையனின் அம்மா பாவாத்தாள் எதற்காக என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் வாசலில் நின்ற வண்டியைக் கைகாட்டினார். கொண்டுவந்த உப்பையும் சர்க்கரையையும் அதே துணியில் முடிந்துகொண்டு வண்டி ஏறினார்கள். மாசாணியம்மாள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். தன் கண்ணுக்கும் இரண்டு தெரிகிறதே என்றாள். மயிலாத்தாளும் பார்த்துவிட்டு அதையே சொன்னாள். திருமலைசாமிக்கு அது போதும். இவர்கள் இரண்டு பேரும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். அன்று முதல் ஒரு மாதம் அவர் வீட்டில் தாமே தண்ணீர் மோந்து குடித்தார்.

சித்திரையில் கொட்டகையில் தகராறு வந்தது. சென்னிமலைப் பக்கத்துக் குடியானவர் ஆறுச்சாமியின் பருத்தியில் கலப்பு என்றார் திருமலைசாமி. ஆறுச்சாமி குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். முதலாளி சென்னகிருஷ்ணன் மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தார், அத்தனையும் சுத்தக் கம்போடியா. அந்த மாதத்தில் அவர் செய்த மூன்றாவது தப்பு இது. முதலாளி நல்ல மனுஷர், திட்டவில்லை. கோயமுத்தூருக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தால்தான் இனி வேலை என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடிக் கடைக்காரரையும் அவர் நம்பவில்லை. படிக்கச் சொல்லும் அட்டையின் கடைசி வரி எழுத்துகளை வேண்டுமென்றே மசமசவென்று அச்சடித்து, வருகிறவர் தலையிலெல்லாம் கண்ணாடியைக் கட்டுகிறான் என்று நினைத்தார். கடைக்காரர் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். கடைசி வரி தெரிந்தது. அதற்கும் கீழே, அச்சகத்தின் பெயரும் தெரிந்தது.

அன்று முன்னிரவில் வாசலில் நின்று வடக்கே பார்த்தார். வசிஷ்டரை ஒட்டி அருந்ததி நின்றாள். கண்ணாடியைக் கழற்றினார், ஒன்றானது. மாட்டினார், இரண்டானது. ஐந்தாறு தடவை அப்படிச் செய்தார். இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொள்ளாதவன் யார் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

விடிந்ததும் பஸ் ஏறிக் காங்கேயம் போனார். பாவாத்தாள் மோர் கொடுத்து உட்கார வைத்தாள். தப்பு தன் கண்ணில்தான் என்று கண்ணாடியைக் கழற்றிக் காட்டிச் சொன்னார். பழைய பேச்சைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டார். அவர் யாரிடமும் அவ்வளவு தாழ்ந்து பேசியதில்லை.

"போன வெசாளக்கெளமதான் வேற எடத்துல உப்பு சக்கரை மாத்திப்போட்டமுங்க" என்றாள் பாவாத்தாள். அதை அவள் கோபமில்லாமல் சொன்னதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மாசாணியம்மாள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். மயிலாத்தாள் அழவில்லை. அவருக்கு வெந்நீர் எடுத்து வைத்தாள். இந்த வைகாசிக்குள் இதைவிட நல்ல இடமாகத் தானே தேடிக் கொண்டுவருவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

"தேடுங்கப்பா. ஆனா வர்றவங்ககிட்ட அம்மா பேசட்டுமுங்க. நீங்க ஒண்ணுங் கேக்க வேண்டாமுங்க."

இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று வழக்கம்போல ஒரு கணம் யோசித்தார். யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சரி கண்ணு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.