அல்பேட் பூசி மூடிய கரவன்

அல்பேட் கெட்டிக்காரன்தான், யார் இல்லையென்றது? டென்மார்க்கில், பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் நெடுங்கால வேலை. காற்றும் நீரும் புகாதபடி பசை பூசி மூடுவதில் அவனை வெல்ல ஆளில்லை. ஆனால் மரத்தைப் பற்றி அந்த மனுசனுக்கு என்ன தெரியும்?

கீமோ எடுத்துக்கொண்டிருந்த மனைவி பவளராணிக்கு ஒரேயொரு ஆசை. ஆவணியில் ஜேர்மனிக்குப் போய்க் கெவலார் மாதாவைக் கும்பிட்டு வரவேண்டும். காரில் நெடுநேரம் இருக்க அவளால் முடியாது. இடையிடையே நிறுத்திப் படுக்கவைக்கலாமென்று, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற பழைய கரவன் ஒன்றைக் கிரின்ஸ்டெட்டில் வாங்கிவந்தான் அல்பேட்.

அலுமினியத் தகடுகளைக் கழற்றி நெளிவெடுத்து மினுக்கினான். தகட்டுக்குப் பின்னாலிருந்த மரச்சட்டம் மழைநீரில் ஊறிக்கிடந்தது. உக்கியதை வெட்டி எறிந்தான். மிச்சம் காயவேண்டும்.

"அப்பா, வடிவாக் காயட்டும். அவசரப்படாதேங்கோ," என்றாள் மகள் அஜந்தினி.

"ஆவணி எனக்காக நிக்குமோ பிள்ளை?"

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. இறகுக்குப் பூசுவதுபோல இடுக்கெல்லாம் பசை பூசி, வெளியே தகட்டையும் உள்ளே புதுப் பலகையையும் இறுக்கினான். ஈரம் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

இரண்டு கிழமை கழித்து, பழகிப் பார்க்கவென்று பவளராணி முற்றத்திலேயே அதற்குள் படுத்தாள்.

"ஏதும் மணக்குதோ?" என்று அல்பேட் மனைவியைக் கேட்டான்.

"புதுப் பலகை மணம்தானேயப்பா. நல்ல வடிவு."

ஒரு கிழமை அங்கேயே படுத்தாள். பிறகு இருமல், காய்ச்சல், வைலேயில் ஆஸ்பத்திரி. வீட்டில் எங்காவது பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று டாக்குத்தர் கேட்டார். அல்பேட் வாய் திறக்கமுன்னரே பவளராணி இல்லையென்றாள்.

அந்த அவசரம் அவனை உறுத்தியது. வீட்டுக்கு வந்து பலகையொன்றைப் பெயர்த்தான். ஐயோ, பின்பக்கமெல்லாம் கன்னங்கரேலென்று பூஞ்சணம். விழுந்தடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடினான்.

"உமக்குத் தெரியுமே?"

"முதல் நாளே தெரியும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்கள் ஆசையாச் செய்தது. எப்பிடியப்பா சொல்லுறது?"

"டாக்குத்தரிட்டச் சொல்லப்போறன்."

"சொல்லுங்கோ. பிள்ளைக்கு மட்டும் சொல்லாதேங்கோ. உங்களை மன்னிக்கமாட்டாள்."

டாக்குத்தரிடம் சொன்னான். மருந்தை மாற்றினார்கள். கீமோ எடுத்த உடம்பு, தாங்கவில்லை. ஆவணி பிறக்கமுன் அவளைச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.

குழியருகே அஜந்தினி தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அம்மாவுக்காக எவ்வளவு பாடுபட்டீங்கள் அப்பா. உங்களை மாதிரி ஆர் செய்வினம்?"

அல்பேட் மகளின் கையை விடவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை.