வெளியே இரும்பு பிடித்தவர்

ஒஸ்லோவில், கடலோரக் கொட்டகை ஒன்றில், பழைய வைக்கிங் முறைப்படி கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் விரும்பியவர்கள் போய் உதவலாம். டிராம் ஓட்டும் என் மச்சாள்தான் முதலில் போனாள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மரம் அரியும் வாளால் அறுக்காமல், ஆப்பு வைத்துப் பிளந்த ஓக் பலகைகள். ஒன்றின் விளிம்பில் அடுத்தது ஏறி உட்காரும். இடையில் தார் தோய்த்த கம்பளி. வெளியிலிருந்து அறைந்த ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர் அதில் சிறு தகட்டைக் கோத்து, முனையை அடித்து நசுக்க வேண்டும். வெளியே இருப்பவர் ஆணித்தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணி வந்த வழியே வெளியேறிவிடும். நான் உள்ளே, மச்சாள் வெளியே. அவள் இருமுறை தட்டினால் நான் அடிக்கலாம்.

ஒரு சனிக்கிழமை பகலிலேயே மூடுபனி கொட்டகைக்குள் புகுந்திருந்தது. முன்முனையின் ஒடுக்கத்தில் குனிந்திருந்தேன். இரண்டு தட்டு. அடித்தேன். மறுபடி இரண்டு தட்டு. வரிசை முடியும்வரை இப்படியே போனது. வெளியே பேச்சுக் குரலே இல்லை.

"என்ன மச்சாள், கோவமோ?" என்றேன்.

பதிலுக்கு இரண்டு தட்டு. ஆனால் அடிப்பதற்கு ஆணி எதுவும் மிச்சமில்லை.

வெளியே ஏறி வந்தேன். யாரும் இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சற்று நேரத்தில் மச்சாள் கையில் கோப்பியோடு வாசலால் வந்தாள்.

"இவ்வளவு நேரமும் எங்கை போனனீர்?"

"மகளோடை போனிலை கதைச்சுக்கொண்டு வெளியிலை நிண்டனான். சொல்லிப்போட்டுத்தானே போனனான், கேக்கேல்லையோ?"

"அப்ப இரும்பு பிடிச்சது ஆர்?"

அவள் தரையில் கிடந்த இரும்பைத் தூக்கினாள். உடனே கீழே போட்டாள்.

"ஆரோ இப்பதான் வைச்சிட்டுப் போனமாதிரிக் கைச்சூடு இருக்கு."

பொறுப்பாக நின்ற நோர்வேஜியப் பெண்ணிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஆணித்தலையையும் விரலால் தடவினார். எல்லாம் பலகையோடு ஒட்டியிருந்தன.

"கழற்றவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். இவ்வளவு இறுக்கமாக நாங்கள் யாரும் செய்ததில்லை," என்றார்.

அடுத்த சனிக்கிழமை போகாமல் விட நினைத்தேன், போனேன். ஆனால் வெளியே இரும்பு பிடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கோடையில் கப்பலைக் கடலில் இறக்கினார்கள். அலை வந்தபோது அந்த மெல்லிய பலகைகள் காலடியில் நெளிந்தன. அப்படி நெளியத்தான் கட்டியிருக்கிறது என்று விளக்கினார்கள். எனக்கு ஏதோ உயிருள்ளதன் முதுகில் நிற்பதுபோல் இருந்தது. மச்சாள் முன்முனையிலிருந்து வாவென்று கையசைத்தாள். நான் பின்முனையிலேயே உட்கார்ந்திருந்தேன்.