மாமனார் வாசித்த வேகம்

வீட்டில் அவருக்குப் பெயர் மெக்கானிக். வைத்தவர் மாமனார். பழைய கேசட்டுகளில் கிடக்கும் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது தொழில். சத்தம் போட்டுச் சம்பாதிக்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. சத்தத்தை எடுத்துச் சம்பாதிக்கிற புண்ணியவான் இவர். "ஒட்டடை அடிக்கிற வேலைதான், ஆனா உக்காந்துக்கிட்டே அடிப்பாரு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மாமனார் மருமகனை அறிமுகப்படுத்துவார்.

வேலை நடப்பது படுக்கையறைக்குப் பின்னால் இருக்கும் பொட்டு அறையில். சுவரோடு பழைய மெத்தைகள் சாத்தியிருக்கும். டேப் ஓடும்போது பிரிட்ஜை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் மோட்டார் கிளம்பும் 'டப்' கம்பி வழியாக வந்து கச்சேரியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பிரிட்ஜைப் போட மறந்துவிடுவார். "இரைச்சல் போச்சா? சந்தோஷம். பாலும் போச்சு" என்பாள் மனைவி.

மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு காலத்தில் நகர ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தவர். இரண்டாவது வரிசை, கடைசி நாற்காலி, தூணுக்குப் பக்கத்தில். குழுப் படத்தில் அவருடைய முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது. அந்த முழங்கைக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

அவர்கள் டவுன் ஹாலில் வாசித்த ஒரு கச்சேரி மாமனாரிடம் கேசட்டில் இருந்தது. அதன் கடைசிப் பகுதி வேகமென்றால் அப்படி ஒரு வேகம். "புயல்! முன்னால நின்னு குச்சி ஆட்டினவரே எங்களுக்குப் பின்னாலதான் மூச்சு வாங்க ஓடி வந்தாரு. இன்னிக்கு எவனாவது அந்த வேகத்துல வாசிக்கட்டும், பாதி மீசையை எடுத்துக்கிறேன்." சாப்பாட்டுத் தட்டு வைத்தால் இந்தக் கதையும் கூடவே வரும். சரி, இவ்வளவு பெரிய வித்வான் வயலினை ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால், "அந்த உயரத்தைத் தொட்டவன் அப்புறம் எதுக்குங்க வாசிக்கணும்?" என்று மேலே பார்ப்பார்.

ஆர்கெஸ்ட்ரா சங்கத்துக்கு அந்தக் கச்சேரியை வெளியிடும் ஆசை வந்தது. மாமனாரின் கேசட் மெக்கானிக்கின் மேசைக்கே வந்து சேர்ந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பது இதுதான்.

கேசட்டின் திருகாணிகளைக் கழற்றினார். டேப்பை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தது, வேறொன்று ஒட்டினார். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, அதன் குட்டித் திருகாணியைத் தலைமுடி அளவுக்குத் திருப்பினார். வயலின்கள் கண்ணாடி துடைத்த மாதிரி தெளிந்தன. தொடக்கத்தில் சங்கக் காரியதரிசி அண்டாவுக்குள்ளிருந்து பேசுகிற குரலில் எல்லோரையும் வரவேற்றார். கடைசியில் அதே மனிதர் நன்றி சொன்னார், எலிக்குஞ்சு குரலில். கைதட்டல் கடுகு வெடிப்பதுபோல் கேட்டது.

மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. பதிவு செய்தது பேட்டரி ரெக்கார்டர். கச்சேரி போகப் போகப் பேட்டரி செத்துக்கொண்டே வந்திருக்கிறது. டேப் ஊர்ந்து ஊர்ந்துதான் பதிந்திருக்கிறது. நல்ல டெக்கில் போட்டால் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. புயல் அடித்தது வயலினில் இல்லை.

"அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"பின்னே? இத்தனை வருஷமா என்னை ஒட்டடைக்குச்சியாக்கி வெச்சிருக்காரே."

"அவருக்குன்னு இருக்கிறது அந்த ஒரு கேசட். அதையும் பிடுங்கிட்டா மனுஷன் எதை வெச்சு வாழுவாரு?"

"வாயை மூடிக்கிட்டு வாழட்டும்!"

எல்லாவற்றையும் சரிசெய்தார். காரியதரிசிக்குப் பழைய குரல் திரும்பும் வரை கடைசிப் பகுதியைப் படிப்படியாக மெதுவாக்கினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடானதும் மாமனாரைப் பொட்டு அறைக்குள் உட்காரவைத்து, டேப்பின் வேகத்தில் கோளாறு என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்களுக்குச் சரிபண்ணத் தெரியல, டேப் மேல பழியா?"

"அப்போ காரியதரிசி குரல் ஏன் அப்படி ஆச்சு மாமா?"

"நன்றி சொல்றப்போ தொண்டை அடைச்சிருக்கும், பாவம்."

"தொண்டை அடைச்சா கீச்சுனு கத்துவாங்களா? இப்ப இதைக் கேளுங்க."

கடைசிப் பகுதி ஓடியது. புயல் இல்லை. நிதானமான, நல்ல வாசிப்பு. மூக்கு உடைபடும் சத்தத்துக்காக மெக்கானிக் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தார். மாமனாரின் இடது கை விரல்கள் முழங்காலில் அசையத் தொடங்கின. கடைசி சுரம் வரை கூடவே போயின.

"எட்டுதே" என்றார் மாமனார். "என் கைக்கு எட்டுதே இது."

"என்ன மாமா?"

"அந்தக் கேசட்டைப் போட்டுட்டு தினமும் கூடவே வாசிப்பேன். கடைசிப் பகுதி வந்தா கை பின்தங்கிடும். சுருதியும் சேராது. வயலின் தந்திதான் தொய்யுதுன்னு முறுக்கி முறுக்கி அறுத்துக்கிட்டேன். நானே வாசிச்சது எனக்கே எட்டலைன்னா, கை போச்சுன்னுதானே அர்த்தம்? பெட்டியை மூடிட்டேன். நாப்பத்தஞ்சு வயசுகூட ஆகல."

மெக்கானிக்கின் சிரிப்புக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கிறது. இந்த மனிதர் போய்த் தன் காலைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பாவமாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது, செத்துப்போன பேட்டரி மேலா?

"மாமா, பழைய வேகத்துலயே விட்டுடறேன்" என்றார். "சங்கத்துக்காரங்களுக்கும் அதுதான் பிடிக்கும். வெளியே யாருக்கும் தெரியாது."

மாமனார் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேண்டாம் மெக்கானிக். இந்த வேகத்துலயே போடுங்க. பழைய வேகத்துல விட்டா, எவனாவது கேட்டுட்டு வயலினை எடுத்துக் கூடவே வாசிச்சுப் பார்ப்பான். அவனும் பெட்டியை மூடிடப் போறான்."