கோதுமைக்கட்டு விடுதியின் முன்சுவர்

கோதுமைக்கட்டு விடுதிக்கு எனிட் டக்வெல் வாழ்க்கைப்பட்டு வந்தபோது வயது இருபத்திரண்டு. இங்கிலாந்துக் கிராமத்து மதுவிடுதி, நானூறு வருஷத்து வீடு. ஓக்கு மரச் சட்டங்கள், நடுவே குச்சி முடைந்து அப்பிய களிமண், மேலே சுண்ணாம்பு. வருஷந்தோறும் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முன்னால் முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். அது அந்த வீட்டுப் பெண்களின் வேலை.

பன்னிரண்டாம் வருஷம் சுண்ணாம்பு அவள் கைகளைத் தின்றுவிட்டது. பீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இனிமேல் தன்னால் ஆகாது என்று புருஷன் ஹோரஸிடம் அழுதாள். அவன் அந்தக் கோடையிலேயே முன்சுவர் முழுக்கச் சிமெண்டு பூசிவிட்டான். ஊரே வந்து தட்டிப் பார்த்தது. இன்னொரு சண்டை வந்து குண்டு போட்டாலும் இது அசையாது என்றார் கொல்லர். எனிட் கோயிலில் முழங்காலிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

இருபது வருஷம் போயிற்று. வாதம் வந்து ஹோரஸ் மாடி முன்னறையில் படுக்கையானான். கீழே கூடத்தில் காளான் வாசனை அடித்தது. வாசற்கதவைச் சாத்த முடியவில்லை. தச்சர் ரூபன் கேராட் வந்து, கொஞ்சம் சிமெண்டைப் பெயர்த்து, சுவரின் அடிமரத்தில் பேனாக்கத்தியை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, பிடிவரை இறங்கியது.

"சுவரு மூச்சு விடணும் எனிட் அம்மா. நீங்க வாயப் பொத்திட்டீங்க. உள்ள போன ஈரம் வெளிய வரல."

"ஹோரஸ் மேல படுத்திருக்காரே."

"இன்னைக்கே இறக்கிடுங்க. முன்பக்கம் பூராப் பிரிக்கணும்."

ஹோரஸ் இறங்க மாட்டேன் என்றான். தச்சனுக்கு வேலையில்லை, அதனால் கதை கட்டுகிறான் என்றான். மூன்று நாள் கெஞ்சினாள். மரம் உளுத்துவிட்டது என்று சொன்னாளே தவிர, எதனால் என்று சொல்லவில்லை. நாலாம் நாள் அவன் கட்டில்காலுக்குக் கீழே தரை ஒரு விரற்கடை தாழ்ந்தது.

"சிமெண்டுதான் ஹோரஸ்," என்றாள். "நீ பூசினதுதான்."

அவன் அவள் கைகளைப் பார்த்தான். "உன் கைக்காகத்தானே பூசினேன்."

"தெரியும். அதான் வாயத் திறக்கல."

அதன்பிறகு அவன் மறுப்புச் சொல்லவில்லை. நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி, எதிர்ச்சாரியில் இருந்த எனிட்டின் தங்கை வீட்டில் சேர்த்தார்கள். மறுநாள் சட்டங்களைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னான். பிறகு அதை யாரையும் தொடவிடவில்லை. விடுதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் அவன் கண்மூடினான். அவனைக் குளிப்பாட்ட வெளிச்சம் வேண்டியிருந்ததால் எனிட் திரையை விலக்கினாள். எதிரே விடுதியில், இன்னும் எழுப்பாத முன்சுவர் இருந்த இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.