வேலாயி வருமானம் எழுதிய விதம்

2013 ஒக்டோபர் 10: ரூ. 10,980
2013 ஒக்டோபர் 22: ரூ. 7,500
2013 நவம்பர் 10: ரூ. 9,730
2013 டிசம்பர் 10: ரூ. 9,615

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் வேலாயி, விண்ணப்பத்தில் தன் வருமானத்தை இப்படித்தான் எழுதினாள். முப்பத்தாறு வயது, புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் பராமரிப்பாளர் வேலைக்குப் போக ஆசை. அதற்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்பு அவள் கோட்டைவிட்ட பாடமும் அதுதான்.

வகுப்பு கண்டியில், சனிக்கிழமைகளில். போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. வேலைசெய்துகொண்டே படிக்கும் ஏழைப் பெற்றோருக்கு ஒரு தொண்டு நிதி மாதாமாதம் உதவியது. ஆனால் எந்த மாதத்திலும் வருமானம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. உதவி கிடைக்காவிட்டால் மார்ச்சோடு வகுப்பை நிறுத்த வேண்டியதுதான்.

ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். கடிதத்தை மகள் சீதாவிடம் நீட்டினாள் வேலாயி.

"பாத்துக்க, ஒங்கம்மா பணக்காரியாம்!"

மறுநாள் அந்த நிதியின் கண்டி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த சத்தியபாமா யாழ்ப்பாணத்துக்காரி. விண்ணப்பத்தில் விரலை வைத்தாள்.

"ஒக்டோபரில ஏழாயிரத்து ஐந்நூறு கூட வந்திருக்கே. என்ன காசு இது?"

"தீவாளி முற்பணங்க மேடம். தோட்டத்துல குடுத்துட்டு, மாசாமாசம் சம்பளத்துல புடிச்சிருவாங்க."

"அது கடனெல்லோ! கடனை ஏன் வருமானம் எண்டு எழுதினனீங்கள்?"

"கையில வாங்கினேனே மேடம்! நானும் சிரிச்சிக்கிட்டுத்தான் வாங்கினேன்." பிறகு தானே தலையில் தட்டிக்கொண்டாள். "நான் ஏன் கணக்குப் படிக்க வந்தேன்னு இப்பவாவது வெளங்குதுங்களா?"

சத்தியபாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம், நல்லா விளங்குது. பிடிச்ச காசு தெரியிற மாதிரிச் சம்பளச் சிட்டைகளைக் கொண்டு வாங்கோ. கூட்டத்தில வைக்கிறன். என்ன சொல்லுவினமோ தெரியாது."

சிட்டைகளைக் கொடுத்தாள். பெப்ரவரி போனது, மார்ச்சும் தேய்ந்தது, பதிலைக் காணோம். கையிலும் ஒன்றுமில்லை. மார்ச் கடைசிச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாள்.

பக்கத்து நிரையில் நின்ற நல்லம்மா விடவில்லை. "என்னா டீச்சரம்மா, இன்னிக்கு மலையிலயா வகுப்பு?"

"ஆமாக்கா, கிலோக் கணக்குப் படிக்கிறேன். இதுலயாவது பாஸாகிறேனான்னு பாப்போம்."

சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொழுந்து எடுத்தாள்.

முற்பணம் வருமானமல்ல, உதவி உண்டு, வகுப்பைத் தொடரலாம் என்ற இறுதிக் கடிதம் வந்தது 2014 ஏப்ரல் 3, வியாழக்கிழமை.